செத்து என்ன கண்டார்கள்? ஹிட்லர் ஆட்சிக்கு மறுப்புச் சொன்னவர்கள் பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். மியூனிக் பல்கலைக்கழகத்தில் துண்டறிக்கை போட்ட சோஃபி ஷோலும் அவருடைய அண்ணன் ஹான்ஸும் பிடிபட்டு நாலே நாளில் தலை வெட்டப்பட்டார்கள். அதற்குப் பிறகும் போர் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. ஹிட்லரை வீழ்த்தியது படைகள்தான், துண்டறிக்கை இல்லை. அப்படியானால் இவர்கள் செத்து என்ன கண்டார்கள்? கூடவே, மூன்று சின்னப் பெண்குழந்தைகளை விட்டுவிட்டு, ஹிட்லருக்காகப் போரிட மாட்டேன் என்று சொல்லி உயிரைக் கொடுத்த ஆஸ்திரிய விவசாயி ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டரைக் குறிப்பிட்டு, ‘இதைத் தியாகம் என்பதா, பொறுப்பில்லாத்தனம் என்பதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ‘நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், அதில் தப்பு உண்டா’ என்று ஒன்று. பார்க்க மூன்று கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அந்த மறுப்புக்கு ஒரு விலை இருந்தது, அது எவ்வளவு, அதை யார் கொடுத்தார்கள், கொடுத்தது நியாயமா?

நவீன ஐரோப்பிய வரலாற்றைக் கல்லூரியில் பல வருடம் கற்பித்தவன் நான். அந்தக் காலத்து விசாரணைக் குறிப்புகள், கடிதங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றின் அச்சுப் பதிப்புகளோடு நல்ல பழக்கம் உண்டு. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து மூலத்தைத் தோண்டியவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மனித மனம் ஏன் ஒரு சமயம் துணிகிறது, ஒரு சமயம் ஒடுங்குகிறது என்பதெல்லாம் என் துறையும் இல்லை. அதனால் ஜெர்மனி, ஆஸ்திரியா, 1933 முதல் 1945 வரை என்ற எல்லைக்குள்ளேயே நிற்கிறேன். வேறு நாடு, வேறு ஆட்சி என்றால் கணக்கு மாறும்.

முதலில் வெள்ளை ரோஜா, அதாவது ஷோல் அண்ணன் தங்கை இருந்த குழு. அது பெரிய இயக்கம் ஒன்றும் கிடையாது. ஹான்ஸ் ஷோல், அலெக்ஸாண்டர் ஷ்மோரெல், வில்லி கிராஃப், கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட் என்ற நான்கு மருத்துவ மாணவர்கள், ஹான்ஸின் தங்கை சோஃபி, தத்துவப் பேராசிரியர் கூர்ட் ஹூபர், இவர்களைச் சுற்றி நம்பகமான சில நண்பர்கள். 1942 கோடையில் நான்கு துண்டறிக்கைகள் வந்தன. போலந்தில் 3,00,000 யூதர்கள் கொல்லப்பட்டிருப்பதை இரண்டாவது அறிக்கையில் பச்சையாகவே எழுதினார்கள். ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று போருக்குப் பிறகு ஒரு தலைமுறையே சொன்னதை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும். பிறகு ஹான்ஸ், ஷ்மோரெல், கிராஃப் மூவரும் ராணுவ மருத்துவ உதவியாளர்களாக ருஷ்யப் போர்முனைக்குப் போய்த் திரும்பினார்கள். 1943 ஜனவரியில் ஐந்தாவது அறிக்கை ஆயிரக்கணக்கில் அச்சானது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருக்க, ரயிலேறி வேறு நகரங்களுக்குப் போய் அங்கே தபாலில் போட்டார்கள். ஸ்டாலின்கிராட் தோல்விக்குப் பிறகு ஆறாவது. பிப்ரவரி 18 அன்று ஹான்ஸும் சோஃபியும் அதைப் பல்கலைக்கழகக் கூடத்தில் வைத்துக்கொண்டு போகையில் கட்டடக் காவலர் ஒருவர் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்குத்தான் பெர்லினில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் ‘முழுமையான போர்’ என்று முழங்கி, கூட்டம் கைதட்டியது.

பிடிபட்டபோது ஹான்ஸின் பையில் புரோப்ஸ்ட் கைப்பட எழுதிய வரைவு ஒன்று இருந்தது. கிழித்து விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் காகிதம் புரோப்ஸ்டின் உயிரை வாங்கியது. பிப்ரவரி 22 அன்று அரசியல் வழக்குகளுக்கென்று ஹிட்லர் ஆட்சி அமைத்த மக்கள் நீதிமன்றத்தின் தலைவர் ரோலண்ட் ஃப்ரைஸ்லர் இதற்கென்றே மியூனிக் வந்தார். சில மணி நேரத்தில் தீர்ப்பு. அன்று மாலையே ஷ்டாடெல்ஹைம் சிறையில் மூவருக்கும் கில்லட்டின். புரோப்ஸ்டுக்கு வயது 23. மூன்றாவது குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; மனைவி பிரசவக் காய்ச்சலில் கிடந்தார். ஷ்மோரெலும் ஹூபரும் ஜூலை 13 அன்றும், கிராஃப் அக்டோபர் 12 அன்றும் கொல்லப்பட்டார்கள். ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டபோ, கிராஃபை அத்தனை மாதம் உயிரோடு வைத்திருந்தது அவரிடமிருந்து இன்னும் பெயர்களைக் கறக்கத்தான்.

சோஃபியைப் பற்றி எல்லாரும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. விசாரித்த அதிகாரி ரோபர்ட் மோர் அவருக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார், ‘அண்ணன் சொன்னதைச் செய்தேன்’ என்று சொன்னால் போதும் என்றார், சோஃபி மறுத்தார் என்பது அது. இந்தப் பேச்சுக்கு ஆதாரம் மோரே போருக்குப் பிறகு எழுதிய குறிப்பு. கெஸ்டபோவில் இருந்த ஒருவர், போர் முடிந்து, தான் நல்லவர் என்று காட்ட வேண்டிய நேரத்தில் எழுதியது. அதனால் நான் பாதிதான் நம்புவேன். ஆனால் விசாரணைக் குறிப்பே கைக்குக் கிடைத்திருக்கிறது. அதன் முடிவில், செய்தது தவறு என்று இப்போதாவது நினைக்கிறாயா என்ற மாதிரிக் கேள்விக்கு, இல்லை, என் மக்களுக்கு என்னால் முடிந்த நல்லதைத்தான் செய்தேன், விளைவை ஏற்கிறேன் என்ற பொருளில் பதில் பதிவாகியிருக்கிறது. கதையாகச் சொல்லப்படுவதைவிட இந்த வறண்ட பதிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என்ன சாதித்தார்கள்? அவர்கள் எதிர்பார்த்தது மாணவர் எழுச்சி. அது வரவில்லை, பல்கலைக்கழகம் அசையவில்லை, பிடித்துக் கொடுத்தவருக்குப் பரிசு கிடைத்தது. ஆறாவது துண்டறிக்கையின் ஒரு பிரதியை, ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய வழக்கறிஞர் ஹெல்முட் ஜேம்ஸ் ஃபான் மோல்ட்கே ஸ்காண்டிநேவியா வழியாக வெளியே அனுப்பினார். அது பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்து, 1943 கோடையில் நேசநாட்டு விமானங்கள் அதை லட்சக்கணக்கில் ஜெர்மனிமேல் தூவின. (மோல்ட்கேயையும் 1945 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள்.) அதைப் படித்து யார் மனம் மாறினார், எத்தனை பேர் என்பதற்கு நம்பத்தகுந்த கணக்கு எதுவும் இல்லை. போரின் ஓட்டத்தை அது ஒரு நாள்கூடச் சுருக்கவில்லை என்றே சொல்வேன். இந்த இடத்தில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ‘பலன் கிடைத்ததா’ என்று மட்டும் பார்க்கப் போனால், பலன் கிடைத்ததாகத் தோன்றும் சம்பவங்களையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முன்ஸ்டர் நகர ஆயர் கிளெமென்ஸ் ஃபான் கேலன் 1941 ஆகஸ்ட் 3 அன்று, மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு கொன்றுகொண்டிருப்பதைப் பீடத்தில் நின்று மறையுரையிலேயே கண்டித்தார். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 24 அன்று, விஷவாயுக் கூடங்களில் நோயாளிகளைக் கொல்லும் திட்டத்தை நிறுத்தச் சொல்லி ஹிட்லரின் உத்தரவு. அதற்குள் 70,000க்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். வெற்றி என்று கொண்டாடலாம்தானே? கொஞ்சம் பொறுங்கள். திட்டமிட்ட எண்ணிக்கையை ஏற்கெனவே எட்டிவிட்டதால்தான் நிறுத்தினார்கள் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. கொலை நின்றபாடும் இல்லை. மருத்துவமனைகளில் பட்டினி போட்டும் மருந்தைக் கூட்டிக் கொடுத்தும் சத்தமில்லாமல் தொடர்ந்தது. அந்த வாயுக்கூடங்களில் வேலை பழகியவர்களில் பலர் பிறகு பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா என்ற யூதர் கொலை முகாம்களுக்குப் போனார்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது, விலையை யார் கொடுத்தார்கள் என்பது. கேலனைத் தூக்கில் போட வேண்டும் என்று நாஜிக் கட்சிக்குள் பேச்சு எழுந்தது. கேலன் இருந்த வெஸ்ட்ஃபாலியாப் பகுதியே கைவிட்டுப் போய்விடும், போர் முடியட்டும் என்று கோயபல்ஸ் தடுத்தார். ஆயர் பிழைத்தார். அவருடைய மறையுரையைக் கையால் பிரதி எடுத்துப் பரப்பியவர்கள் எல்லாரும் பிழைக்கவில்லை. லூபெக் நகரில் யோஹான்னஸ் பிராசெக், ஹெர்மன் லாங்கே, எட்வர்ட் முல்லர் என்ற மூன்று இளம் கத்தோலிக்கக் குருக்களும், கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஷ்டெல்பிரிங்க் என்ற லூத்தரன் போதகரும் கைதானார்கள். மறையுரைகளைப் பரப்பியது அவர்கள்மீது சாட்டப்பட்டவற்றில் முக்கியமான ஒன்று. 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில் அந்த நால்வரும் கொல்லப்பட்டார்கள். பெரிய இடத்தில் இருப்பவருக்குப் பதவியே கவசம். சின்னவருக்கு அது இல்லை. கேலனின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் கைதாவோம் என்று எண்ணித்தான் பேசினார். ஆனால் அதே வாய் யூதர்களுக்காக அப்படி வெளிப்படையாகத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று பெர்லினின் ரோசன்ஷ்ட்ராசெ தெருவில் நடந்தது. 1943 பிப்ரவரி 27 முதல் நடந்த பெரிய கைது வேட்டையில் பிடிபட்டவர்களில், யூதரல்லாத பெண்களை மணந்த யூத ஆண்கள் சுமார் 2,000 பேர் அந்தத் தெருக் கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள். மனைவிமார் வெளியே கூடி நின்று, புருஷனைத் திருப்பிக் கொடு என்று கத்தினார்கள். ஒரு வாரம். பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டார்கள். இதில் உறுதியானது, பெண்கள் நின்றார்கள், ஆண்கள் வெளியே வந்தார்கள், பெண்களைச் சுட்டுத்தள்ளவில்லை என்பது. ஒன்றால்தான் மற்றது நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. போராட்டம்தான் அரசைப் பணியவைத்தது என்கிறார் நேதன் ஷ்டோல்ட்ஸ்ஃபுஸ். இந்தக் கலப்புமணக்காரர்களை அப்போது நாடுகடத்தும் எண்ணமே அரசுக்கு இருக்கவில்லை, பதிவு செய்து வேலைக்குப் பிரிக்கவே அடைத்தார்கள் என்கிறார் வுல்ஃப் குரூனர். ஆவணத்தைப் பார்த்தால் குரூனர் பக்கம் வலு கூட. ஆனால் அந்தப் பெண்களுக்கு உள்ளே என்ன திட்டம் என்று தெரியாது. எதிரில் ஆயுதம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். விளைவை வைத்து அவர்கள் துணிச்சலுக்கு மார்க் போட்டால், நமக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாத ஒன்றை வைத்து மார்க் போடுகிறோம்.

இப்போது உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஓர் அனுமானத்துக்கு வருகிறேன். ‘மறுத்தால் சாவு, அதனால்தான் எல்லாரும் பணிந்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சில மறுப்புகளுக்குச் சாவுதான், சந்தேகமில்லை. ராணுவத்தில் சேர மறுப்பது அதில் ஒன்று. மனசாட்சியைக் காரணம் காட்டி மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டுமே 200க்கும் மேற்பட்டோர் அப்படிச் செத்தார்கள். ஆனால் எல்லா மறுப்புக்கும் அதே விலை இல்லை. 1942 ஜூலை 13, போலந்தின் யூசெஃபூஃப் கிராமம். ஹாம்பர்கிலிருந்து வந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன். பெரும்பாலும் நடுவயதுக் குடும்பஸ்தர்கள். சுமார் 1,500 யூதர்களைச் சுட வேண்டும் என்று சொல்லிவிட்டு, முடியாது என்று நினைக்கும் வயதானவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று மேஜர் வில்ஹெல்ம் டிராப் அறிவித்தார். கிட்டத்தட்ட 500 பேரில் அந்தக் கணத்தில் விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் தாங்காமல் ஒதுங்கியவர்கள் இன்னும் சிலர். விலகியவர்களைச் சுடவில்லை, சிறையில் போடவில்லை. ஏளனம் பண்ணினார்கள், கோழை என்றார்கள், எரிச்சலான வேலைகளைக் கொடுத்தார்கள். இந்தப் பட்டாலியனை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர் பிரௌனிங் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார்: போருக்குப் பிந்திய பல பத்தாண்டு வழக்குகளில், ஆயுதமற்ற மக்களைக் கொல்ல மறுத்ததற்காக ஒருவன் கடும் தண்டனை பெற்றான் என்று ஒரு வழக்கைக்கூட குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் எவராலும் நிரூபித்துக் காட்ட முடியவில்லை.

இதைப் பாடமாக நடத்தும்போது வகுப்பு ஒருமாதிரி அமைதியாகிவிடும். ஏனென்றால் ‘வேறு வழியில்லை’ என்ற வார்த்தை அங்கே உடைகிறது. தோழர்கள் முன்னால் தனியாக விலகி நிற்கும் கூச்சம், இத்தனை பேரைக் கொல்வதைவிடப் பெரிய பாரமாக இருந்திருக்கிறது. ஆட்சியின் பிடியும் இதில்தான் இருந்தது. கெஸ்டபோ எல்லா இடத்திலும் கண் வைத்திருந்ததாக நினைக்கிறோம். உண்மையில் ஆள் குறைவு. வூர்ட்ஸ்பர்க் போன்ற இடங்களின் கோப்புகளை ஆராய்ந்த ரோபர்ட் ஜெல்லடெலி, வழக்குகளில் பெரும்பங்கு அக்கம்பக்கத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் தாங்களாகவே கொடுத்த புகாரால் தொடங்கியதைக் காட்டினார். இதையும் மிகைப்படுத்தக் கூடாது. கம்யூனிஸ்டுகளையும் யூதர்களையும் பொறுத்தவரை கெஸ்டபோ புகாருக்காகக் காத்திருக்கவில்லை, தானே தேடிப் போய் வேட்டையாடியது என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தியிருக்கின்றன. சாதாரண ஜெர்மானியரைப் பொறுத்தவரை முதல் சொன்னது நிற்கிறது. வாடகைத் தகராறு, பழைய பகை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை, இதற்கெல்லாம் கூடப் புகார் எழுதினார்கள். எழுதாமல் இருந்திருக்க எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, யேகர்ஷ்டெட்டர். உங்கள் கேள்வியில் கனமானது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். 1907இல் பிறந்தவர், மேல் ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூர். ஓரளவு முரட்டு இளமை. திருமணத்துக்கு முன்பே ஒரு பெண்குழந்தை உண்டு. 1936இல் ஃப்ரான்சிஸ்காவை மணந்தார். 1938 ஜனவரியில் ஒரு கனவு கண்டதாகப் பின்னால் எழுதியிருக்கிறார்: பளபளப்பான ரயில் ஒன்று, சிறுவர்கள் ஓடி ஓடி ஏறுகிறார்கள், இது நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல். அந்த ஏப்ரலில் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பதற்கான வாக்கெடுப்பில் ஊரில் இவர் ஒருவர்தான் ‘வேண்டாம்’ என்றார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1940இல் அழைப்பு வந்தபோது போனார், ராணுவ உறுதிமொழியும் எடுத்தார், பயிற்சியும் பெற்றார். ஊர் மேயர் தலையிட்டு, பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று திருப்பி அழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இனி ஒரு தடவை போக மாட்டேன் என்று முடிவெடுக்கிறார். ஒரே நாளில் பிறந்த வீரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பண்ணை வேலைக்கும் கோயில்பிள்ளை வேலைக்கும் நடுவில், இரண்டு வருடம் யோசித்து, எழுதி, சண்டை போட்டு எடுத்த முடிவு.

ஊர்க் குருவானவர்கள் முதல் லின்ஸ் ஆயர் வரை கேட்டுப் பார்த்தார். ஆயர் யோசெஃப் ஃப்லீசர் சொன்னது கிட்டத்தட்ட நீங்கள் கேட்பதுதான்: ஆட்சியாளர் செய்வதற்கு நீ பொறுப்பில்லை, உன் குடும்பத்துக்குப் பொறுப்பு உண்டு. 1943 மார்ச் தொடக்கத்தில் என்ஸ் நகர முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்திப் போரிட மாட்டேன் என்று சொன்னார். மருத்துவ உதவிப் பிரிவில் வேண்டுமானால் சேர்கிறேன் என்று சொன்னதைக் கேட்கவில்லை. ஜூலை 6 அன்று பெர்லினில் ராணுவ உயர்நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அவருடைய வக்கீல், மனைவியைப் பார்த்தால் மனம் மாறுவார் என்று எண்ணி ஃப்ரான்சிஸ்காவையும் ஊர்க் குருவையும் வரவழைத்தார். சில நிமிடச் சந்திப்பு. மாறவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. அதே சிறையில் முந்தின வருடம் ஃப்ரான்ஸ் ரைனிஷ் என்ற குருவும் ஹிட்லர் பெயரில் உறுதிமொழி எடுக்க மறுத்துச் செத்திருந்தார். இதைச் சிறைக் குரு சொல்லக் கேட்டபோது யேகர்ஷ்டெட்டருக்குப் பெரிய ஆறுதல்: தான் நினைத்ததையே ஒரு குருவும் நினைத்திருக்கிறார், அப்படியானால் தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

பொறுப்பில்லாத்தனமா? இதற்கு ஃப்ரான்சிஸ்கா சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். முதலில் மற்றவர்களைப் போல அவரும் கணவனைத் தடுக்கப் பார்த்தார். எல்லாரும் எதிராக நிற்பதைப் பார்த்து, நானும் விட்டுவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று கூடவே நின்றதாகப் பின்னால் சொன்னார். அதாவது அந்த விலையைக் கொடுக்க அவர் தெரிந்தே சம்மதித்தார். மனைவியை ஏமாற்றிவிட்டோ கலந்து பேசாமலோ எடுத்த முடிவு இல்லை அது. குழந்தைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. அந்தக் கணக்கு நேராகாமல்தான் கிடக்கிறது, அதை நேராக்கும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வியை மறுபக்கமும் கேட்க வேண்டும். அந்தச் சின்ன ஊரிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாத மற்ற அப்பாக்களின் பிள்ளைகளும் அநாதைகள்தான். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆட்சி விழுந்ததோடு விலை கொடுப்பது முடியவும் இல்லை. போரில் செத்தவர்களின் மனைவிகளுக்குக் கிடைத்த உதவித்தொகை ஃப்ரான்சிஸ்காவுக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. பண்ணை வேலையை அவரே செய்தார். 1946இல் யேகர்ஷ்டெட்டரைப் பற்றி மறைமாவட்ட இதழில் எழுத அனுமதி கேட்டபோது அதே ஆயர் ஃப்லீசர் மறுத்தார். கடமை என்று நம்பிப் போரிட்டுச் செத்த இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கட்சி. 1960களில் கோர்டன் சான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதிய புத்தகம்தான் இவரை வெளி உலகுக்குக் கொண்டுவந்தது. தீர்ப்பை பெர்லின் நீதிமன்றம் 1997இல் ரத்து செய்தது. 2007இல் திருச்சபை அருளாளர் பட்டம் கொடுத்தது. ஃப்ரான்சிஸ்கா அதைப் பார்த்துவிட்டு நூறு வயதில், 2013இல் காலமானார். லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் யூதர்களைக் காப்பாற்றியதற்காக 1942 ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்ட ஆஸ்திரியச் சிப்பாய் ஆன்டன் ஷ்மிட்டின் மனைவிக்கும் வியன்னாவில் இதே கதிதான். துரோகியின் பெண்டாட்டி என்று அக்கம்பக்கத்தார் வசைபாடி வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். ஃப்ரைஸ்லர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று மேற்கு ஜெர்மானிய நாடாளுமன்றம் தீர்மானித்தது 1985இல். ராணுவத்தை விட்டு ஓடியவர்களின் தண்டனைகள் மொத்தமாக ரத்தானது 2002இல், ‘போர்த் துரோகம்’ என்று தண்டிக்கப்பட்டவர்களுடையது 2009இல். மக்கள் நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவர்கூட மேற்கு ஜெர்மானிய நீதிமன்றங்களில் இறுதியாகத் தண்டிக்கப்படவில்லை. ஷோல்களின் தலையை வெட்டிய யோஹான் ரைஷ்ஹார்ட் போருக்குப் பிறகு அமெரிக்கர்களுக்காக நாஜிப் போர்க்குற்றவாளிகளைத் தூக்கிலிட்டார். கற்பனையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

யார் இப்படி மறுத்தார்கள் என்பதில் ஒரே அச்சு கிடைக்காது. ஷோல் பிள்ளைகள் இருவரும் சிறுவயதில் ஹிட்லர் இளைஞர் அமைப்புகளில் உற்சாகமாகச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய அப்பாதான் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். ஓட்டோ ஹாம்பெல், எலீசெ ஹாம்பெல் என்ற பெர்லின் தொழிலாளித் தம்பதி, எலீசெயின் தம்பி போரில் செத்ததும் தபால் அட்டைகளில் ஹிட்லருக்கு எதிராக எழுதிப் படிக்கட்டுகளில் வைத்தார்கள். 200க்கும் மேல். எடுத்தவர்களில் அநேகமாக எல்லாரும் பயந்து போலீசில் கொடுத்துவிட்டார்கள். பிடிபட்ட பிறகு இருவரும் கருணை மனுப் போட்டார்கள், கிடைக்கவில்லை. 1943 ஏப்ரல் 8 அன்று கொல்லப்பட்டார்கள். உயிருக்குக் கெஞ்சியதால் அவர்கள் செய்தது சிறுத்துவிடாது என்பது என் கட்சி. கியோர்க் எல்சர் என்ற தச்சர் தனி ஆளாக மியூனிக் பீர் மண்டபத் தூணைப் பல இரவுகள் குடைந்து வெடிகுண்டு வைத்தார். 1939 நவம்பர் 8 அன்று குண்டு வெடிப்பதற்கு 13 நிமிடம் முன்னால் ஹிட்லர் கிளம்பிவிட்டார். எட்டுப் பேர் செத்தார்கள், அதில் ஒருவர் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண். எல்சரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஆய்வு என்று எடுத்தால், யூதர்களைக் காப்பாற்றியவர்கள் சுமார் 400 பேரைப் பேட்டி கண்டவர் சாமுவேல் ஒலினர். தானும் போலந்தில் சிறுவனாக ஒரு விவசாயப் பெண்ணால் காப்பாற்றப்பட்டவர். அவர் கண்டவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். அடித்து மிரட்டி வளர்க்காமல் காரணம் சொல்லி வளர்த்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் அதிகம். இன்னொன்று, பெரும்பாலோர் தாங்களாகக் கிளம்பிப் போய்க் காப்பாற்றவில்லை. யாரோ வந்து கேட்டார்கள், மறுக்க முடியவில்லை. இதில் ஒரு குறை உண்டு. பல பத்தாண்டுக்குப் பிறகு நல்லது செய்தவர்களிடம் அவர்கள் குழந்தைப் பருவத்தைக் கேட்டால், இனிமையாகத்தான் ஞாபகம் வரும். முதலாவதை அதனால் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கிறேன். இரண்டாவதை, அதாவது கேட்கப்பட்டதுதான் திருப்பம் என்பதை, அதே தரவை மறுபடி அலசியவர்களும் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கடைசி வரி. வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன் என்று ஊகிக்கிறேன், கோடிக்கணக்கானவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். துண்டறிக்கை போடாததற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதன் விலை தலை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நீங்கள் சொல்வதற்குள் பல வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. படிக்கட்டில் கிடந்த ஹாம்பெல் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனவரும் வாயை மூடியவர்தான். அதை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனவரும் வாயைத் திறந்து ஹிட்லரை எதிர்க்கவில்லை என்ற அளவில் அதே கணக்கில் வருகிறார். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தைக் கூட்டிப் போகும்போது திரைச்சீலையை இழுத்துக்கொண்டவர் உண்டு, மறுநாள் அவர்கள் வீட்டு மேஜை நாற்காலிகள் ஏலத்துக்கு வந்தபோது போய் வாங்கியவரும் உண்டு. ஏலத்துக்குப் போகாமல் இருந்தால் யாரும் தலையை வெட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே நானாக இருந்தால் சோஃபி ஷோல் ஆகியிருப்பேனா என்பதை என்னால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகவே எடுத்துக்கொள்ள முடியவில்லை. யூசெஃபூஃபில் மேஜர் கேட்டபோது ஓர் அடி விலகி நின்றிருப்பேனா என்றால், அதற்கு ‘உயிருக்குப் பயந்தேன்’ என்ற சாக்கு எனக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை.